வலிக்கவில்லையே என்று இருந்து விடாதீர்கள்!

நடு இரவு. தொட்டிலில் குழந்தை சிணுங்குகிறது. விளக்கைப் போட்டால் நன்றாக முழித்துக் கொண்டு விடும் என்று, இருட்டிலேயே எழுந்து போகிறீர்கள். கை தொட்டிலுக்குள் நுழைகிறது. துணி ஈரமா, உலர்ந்திருக்கிறதா? தெரிந்து விடுகிறது. நெற்றி சுடுகிறதா? இல்லை. காலடியில் சுருண்டு கிடக்கும் போர்வையை விரல் தேடிப் பிடிக்கிறது. சட்டையில் ஊக்கு ஏதும் கழன்று குத்துகிறதா என்று கூடத் தடவிப் பார்த்து விடுகிறீர்கள். இரண்டு நிமிஷத்தில் குழந்தை மறுபடி தூங்குகிறது. கண்ணுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. அத்தனையும் உங்கள் தோலும், நரம்பும், மூளையும் சேர்ந்து செய்த வேலை.

பார்வை மங்கினால் கண்ணாடி போட்டுக் கொள்கிறோம். காது மந்தமானால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து போகிறது. ஆனால் தொடு உணர்ச்சி குறைந்தால்? பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. அந்த மனுஷருக்கே தெரிவதில்லை! அதனால் வரும் ஆபத்தை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால், தொட்டதும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்து விடலாம்.

தோலுக்குள் இத்தனை காவல்காரர்களா?

நம் ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலுமாகச் சேர்த்துச் சுமார் 17,000 உணர்முனைகள் இருக்கின்றன. இது 1979-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்ட எண்ணிக்கை. எல்லாம் ஒரே ஜாதி அல்ல. நான்கு வகை.

ஒரு வகை, விளிம்பையும் வடிவத்தையும் அறிகிறது. ரூபாய் நாணயமா, சட்டைப் பொத்தானா என்று பார்க்காமலே சொல்வது இதனால்தான். இன்னொரு வகை, பொருள் நழுவுவதை அறிகிறது. சோப்பு போட்ட டம்ளர் கையிலிருந்து வழுக்க ஆரம்பித்ததும், நீங்கள் நினைப்பதற்கு முன்பே பிடி இறுகுகிறதே, அது இதன் உபயம். மூன்றாவது, தோல் இழுபடுவதை அறிகிறது. நான்காவது, அதிர்வை அறிகிறது. மிக்ஸியின் மேல் கை வைத்தால் 'கிர்ர்' என்று உணர்கிறோமே, அது. இந்த நான்காவதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், உரிக்காத வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். 1830களில் இத்தாலியில் மருத்துவ மாணவராக இருந்த பாசினி என்பவர் கண்டெடுத்ததால், இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சூடு, குளிர்ச்சி, வலி இவற்றுக்குத் தனி நரம்பு முனைகள் உண்டு. அவற்றுக்குக் கூடு கிடையாது. வேர் முனை போலத் தோலுக்குள் வெறுமனே பரவியிருக்கும்.

காலில் போட்ட மெட்டியும் கழுத்துத் தாலிச் செயினும் நாள் முழுக்க நம் நினைவுக்கு வருவதில்லையே, ஏன்? உணர்முனைகளில் பாதிக்கு மேல், மாற்றம் வந்தால்தான் சேதி அனுப்பும். ஒரே மாதிரி இருப்பதைப் பற்றி ஓயாமல் தந்தி அடித்துக் கொண்டிருந்தால் மூளைக்கு வேறு வேலை பார்க்க முடியுமா?

சேதி போகும் வழி

தொட்டவுடன் அந்த அழுத்தம் மின்சார சேதியாக மாற வேண்டும். அதை எது மாற்றுகிறது என்பது வெகு காலம் புதிராகவே இருந்தது. லெபனானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற விஞ்ஞானி, 72 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக 'அணைத்து'ப் பார்த்து, அழுத்தத்தை அறியும் கதவைக் கண்டுபிடித்தார். 2010-ல் அதை வெளியிட்டார். செல்லின் சுவரில் இருக்கும் குட்டிக் கதவு அது. தோல் அமுங்கினால் கதவு திறக்கும். உப்புத் துகள்கள் உள்ளே பாயும். சேதி கிளம்பி விடும். இதற்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பரிசைப் பங்கு போட்டுக் கொண்டவர் டேவிட் ஜூலியஸ். அவர் கண்டுபிடித்தது சமையலறைக்கு இன்னும் நெருக்கமானது. மிளகாய் நறுக்கினால் கை எரிகிறதே, ஏன்? சுமார் 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு கதவு நம் வலி நரம்பில் இருக்கிறது. மிளகாயின் காரச் சத்து அதே கதவைக் கள்ளச் சாவி போட்டுத் திறக்கிறது. மூளைக்கு 'சூடு! சூடு!' என்று பொய்த் தந்தி போகிறது. இதை 1997-ல் அவர் கண்டு சொன்னார். காரச் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால்தான் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தாலும் எரிச்சல் போவதில்லை. கையில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் தேவலை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், மிளகாய் தொட்ட கையோடு குழந்தையைத் தூக்கவே கூடாது.

சரி, சேதி கிளம்பி விட்டது. அது எப்படிப் போகிறது? 'தட், தட், தட்' என்று, அந்தக் காலத் தந்தி மாதிரி. லேசாகத் தொட்டால் தட்டு கொஞ்சம். அழுத்தித் தொட்டால் தட்டு அதிகம். ஒவ்வொரு தட்டும் ஒரே அளவுதான், எண்ணிக்கைதான் கூடுகிறது. இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன் 1920களில் இதைக் கருவி வைத்துப் பதிவு செய்து காட்டி, 1932-ல் நோபல் பரிசு பெற்றார்.

வேகத்திலும் தரம் உண்டு. தொடு சேதி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். 'சுரீர்' என்ற வலி அதைவிட மெதுவாக, 5 முதல் 30 மீட்டர். அப்புறம் வந்து உட்கார்ந்து கொள்ளும் 'விண் விண்' வலியோ, 2 மீட்டர் கூடப் போகாது. ஏறக்குறைய நாம் நடக்கும் வேகம், அவ்வளவுதான். நிலைப்படியில் கால் விரலை இடித்துக் கொண்டதை நினைத்துப் பாருங்கள். முதலில் இடித்தது தெரிகிறது. உடனே சுரீர். 'அப்பாடா, பெரிசா ஒண்ணுமில்லை' என்று நினைக்கும்போதுதான் உண்மையான வலி வந்து சேர்கிறது. மூன்றும் ஒன்றாகப் புறப்பட்டவைதான். மூன்று வண்டிகளில் வந்தன!

இடித்த இடத்தை உடனே கையால் தேய்க்கிறோமே, அதிலும் சூட்சுமம் இருக்கிறது. தேய்க்கும்போது கிளம்பும் தொடு சேதி தண்டுவடத்துக்குப் போய், அங்கே வலிச் சேதி நுழையும் வாசலைக் கொஞ்சம் சாத்துகிறது. மெல்ஸாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் இந்த 'வாசல்' விளக்கத்தைச் சொன்னார்கள். விழுந்த குழந்தையை வாரி எடுத்து அம்மா தேய்த்து விடுவது வெறும் சமாதானம் அல்ல, நிஜ வைத்தியம்!

நரம்பு இழை தண்டுவடத்துக்குள் நுழைந்து, முதுகோடு மேலே ஏறி, மூளையின் அடிப்பகுதியில் அடுத்த நரம்பிடம் சேதியைக் கைமாற்றுகிறது. அங்கே சேதி பக்கம் மாறுகிறது. வலக் கையில் பட்டது இடப் பக்க மூளைக்கும், இடக் கையில் பட்டது வலப் பக்க மூளைக்கும் போய்ச் சேரும்.

மூளையில் நம் உடம்புக்கு ஒரு வரைபடமே இருக்கிறது. கனடா நாட்டில் மான்ட்ரியால் நகரத்து அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையில் மெல்லிய மின்சாரம் தொட்டு, 'எங்கே உணர்கிறீர்கள்?' என்று கேட்டுக் கேட்டு அதை வரைந்து, 1937-ல் வெளியிட்டார். (மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. அதனால்தான் இது சாத்தியமாயிற்று.) அந்தப் படத்தில் கைவிரலும் உதடும் பெரிசு பெரிசாக இருக்கும், முதுகு இத்துனூண்டு!

வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். கொண்டை ஊசியின் இரு முனைகளையும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, குழந்தையின் விரல் நுனியில் மெதுவாகத் தொடுங்கள். கண்ணை மூடிக் கொண்டே 'ரெண்டு' என்று சொல்லும். அதே ஊசியை முதுகில் வையுங்கள். 'ஒண்ணு' என்று சொல்லும்! பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

தாயின் கைக்கென்று ஒரு நரம்பு

இளம் தாய்மார்களுக்கு ஒரு விஷயம். மயிர்க்கால் உள்ள தோலில் ஒரு தனி ரக நரம்பு இருக்கிறது. குத்தினாலும் அழுத்தினாலும் அது பெரிதாக அலட்டிக் கொள்ளாது. மெதுவாக, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூடுள்ள கையால் வருடினால்தான் அதற்கு உற்சாகம். குழந்தையைத் தூங்க வைக்கும்போது நம் கை எந்த வேகத்தில் போகிறதோ, அதே வேகம்! இந்தச் சேதி, 'எது தொட்டது' என்று ஆராயும் இடத்துக்குப் போவதைவிட, 'நன்றாக இருக்கிறது' என்று உணரும் இடத்துக்கே அதிகம் போகிறது.

தோலோடு தோல் சேர்வதன் பலனைக் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரம் உலகுக்குக் காட்டியது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கருவி போதாமல் குறைமாதக் குழந்தைகள் தவித்தன. 1978-ல் எட்கர் ரே என்ற டாக்டர், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். 'கங்காரு முறை' என்று இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தை என்றால், இதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

கம்பி அறுந்தால்...?

இனி, நான் முதலில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன்.

என் மாமியாருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் சாயந்திரம் கோயிலுக்குப் போய் விட்டு வந்து, கூடத்தில் நடந்து போனார். மொஸைக் தரையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. குங்குமம் கொட்டி விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். ரத்தம்!

"அத்தை, கொஞ்சம் உக்காருங்க. காலைக் காட்டுங்க."

"எதுக்கும்மா? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே!"

காலைத் தூக்கிப் பார்த்தால், செருப்பையும் துளைத்துக் கொண்டு ஏறிய ஒரு வேல முள் பாதத்தில் முறிந்து நிற்கிறது. கோயிலிலிருந்து வீடு வரை அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறார்! புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. "நல்ல வேளை, அன்னிக்கே பார்த்தீங்க. நாலு நாள் கழிச்சு வந்திருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

சர்க்கரை ஏன் முதலில் காலைத் தாக்குகிறது? கால் கட்டை விரலிலிருந்து மூளையின் அடிவாரம் வரை தொடு சேதியைக் கொண்டு போவது ஒரே ஒரு நரம்பு செல். உடம்பிலேயே நீளமான செல் அதுதான். ஒரு மீட்டருக்கும் அதிகம். அதற்கு வேண்டிய சத்துப் பொருள்கள் முதுகெலும்பின் பக்கத்திலுள்ள அதன் நடு உடலிலிருந்து அவ்வளவு தூரம் பயணப்பட்டு வர வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை வருஷக் கணக்கில் அதிகமாக இருந்தால் நரம்பும், அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடுகின்றன. கடைசி வீட்டுக் குழாயில்தானே தண்ணீர் முதலில் நிற்கும்? அதே கதைதான். முதலில் கால் விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால் என்று, காலுறை போட்ட மாதிரி மரத்துப் போகிறது. ரொம்பவும் முற்றினால் கையுறை போட்ட மாதிரி கைவிரல்களும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அப்படியானால் நம் தெருவில் எத்தனை வீடு என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

வேலூரில் கற்ற பாடம்

உணர்ச்சி போன காலை எப்படிக் காப்பாற்றுவது என்று உலகத்துக்குச் சொல்லித் தந்த பாடம் நம் தமிழ்நாட்டில் பிறந்தது. கொல்லிமலையில் 1914-ல் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் படித்து விட்டு, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள், டாக்டர்களும்தான்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருகு. பூட்டு திறந்து கொண்டது. அவன் விரலைப் பார்த்தால் சாவி எலும்பு வரை வெட்டியிருக்கிறது! அவனுக்கு அது தெரியவேயில்லை. பிராண்டுக்கு விஷயம் புலப்பட்டது. நோய் விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கொல்கிறது. வலி தெரியாததால் அடி, சூடு, வெட்டு எல்லாம் கவனிக்கப்படாமல், புண்ணாகி, சீழ் பிடித்து விரல் போகிறது. இரவில் தூங்கும்போது விரல் போன மர்மத்தையும் கண்டுபிடித்தார்கள்: எலி கடித்திருக்கிறது! அதன் பின் நோயாளிகள் ஆளுக்கொரு பூனை வளர்த்தார்கள்.

புண்ணுக்கு ஓய்வும் பாதுகாப்பும் கொடுத்தால், அந்த நோயாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே ஆறியது. பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இதே பாடத்தைக் கையாண்டார். சுருக்கமாகச் சொன்னால் பாடம் இதுதான்: வலி செய்த காவல் வேலையைக் கண் செய்ய வேண்டும்.

ஆறு விரல் பரீட்சை

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் நைலான் இழையால் தொட்டும், அதிர்வுக் கருவி வைத்தும் பார்ப்பார்கள். வீட்டில் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் டாக்டர்கள் இதை 2011-ல் வெளியிட்டார்கள். செலவு கிடையாது, கருவியும் வேண்டாம். என் மாமியாரின் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

காலுறை, செருப்பு எல்லாம் கழற்றி விட்டு, காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். எது வலது, எது இடது என்று ஒரு முறை காலைத் தொட்டுக் காட்டி விட்டு, கண்ணை மூடிக் கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியால், ஒவ்வொரு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனியைத் தொட வேண்டும். மொத்தம் ஆறு விரல். பூவைத் தொடுகிற மாதிரி லேசாக, ஒன்றிரண்டு நொடிதான். அழுத்தவோ, தட்டவோ, தடவவோ கூடாது. ஒரு விரலை ஒரு முறைதான் தொட வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது. உணர்ந்ததும் அவர் 'வலது', 'இடது' என்று சொல்ல வேண்டும்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், உணர்ச்சி குறைந்திருக்கக் கூடும். டாக்டரிடம் காலைக் காட்டியே ஆக வேண்டும்.

என் மாமியார் மூன்றுக்குத்தான் பதில் சொன்னார். "ஏம்மா, ஆறுன்னு சொன்னியே, மீதியை எப்பத் தொடுவே?" என்று கண்ணை மூடிக் கொண்டே கேட்டார். நான் எல்லாவற்றையும் தொட்டு முடித்திருந்தேன். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் தன் காலையே பார்த்துக் கொண்டிருந்தார். அதற்கு முன் எத்தனை தரம் சொல்லியும் கேட்காதவர், மறு நாளிலிருந்து செருப்பில்லாமல் கொல்லைப் பக்கம் கூடப் போவதில்லை.

தினமும் கவனிக்க வேண்டியவை

உணர்ச்சி குறைந்த காலுக்கு வீட்டில் நாம் செய்ய வேண்டியவை இவை:

* தினமும் இரவில் பாதத்தின் அடிப்பக்கம், விரல் இடுக்கு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு, தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதன் மேல் காலைக் காட்டச் சொல்லலாம். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

* குளிக்கும் வெந்நீரை அவர்களே காலால் சோதிக்கக் கூடாது. உணர்ச்சி நன்றாக உள்ள வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். (குழந்தைக் குளியலுக்கும் முழங்கைதான் சரி. அடுப்படியில் பழகிய உள்ளங்கைக்குச் சூடு சட்டென்று உறைக்காது.)

* கால் குளிர்கிறது என்று வெந்நீர்ப் பை வைப்பது, குமுட்டி அடுப்பில் காலைக் காய்ச்சுவது, தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுப்பது - மூன்றும் கூடவே கூடாது.

* குளித்ததும் விரல் இடுக்கு ஈரத்தைத் துடைக்க வேண்டும். பாதம் வறண்டு வெடித்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம்; விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்.

* வீட்டுக்குள்ளும் செருப்பு அவசியம். பின்வார் உள்ளதாக வாங்குங்கள். வார் இல்லாத செருப்பு வழியிலேயே கழன்று போனாலும் அவர்களுக்குத் தெரியாது! அடியில் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு நல்லது. போடுமுன் தட்டி உதறி, உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

* கோயில் பிராகாரத்துக் கல் வெயிலில் கொதிக்கும். வெயில் ஏறுமுன்போ, சாய்ந்த பிறகோ போய் வரலாம்.

* கால் ஆணியை பிளேடால் சீவுவது, கடைப் பிளாஸ்திரி போட்டு எரிப்பது வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

* கொப்புளம், நிற மாற்றம், வீக்கம், துர்நாற்றம், ஒரு கால் மட்டும் அதிகச் சூடாக இருப்பது - இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டர். 'வலி இல்லையே, நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே செல்லாது.

இத்தனைக்கும் மேலாக, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் நரம்பைக் காக்கும் முதல் மருந்து. வருஷத்துக்கு ஒரு தரமாவது டாக்டரிடம் கால் உணர்ச்சியைச் சோதித்துக் கொள்ள வேண்டும்.

எண்ணெய் தேய்க்கும்போது ஒரு பார்வை

தொழுநோய் ஒழிந்து விட்டது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். 2005-ல் இந்தியா அதைப் பெருமளவு கட்டுப்படுத்தி விட்டதாக அறிவித்தது உண்மை. ஆனாலும் அதற்குப் பிறகும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்கு இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதில் குழந்தைகளும் உண்டு.

அது சாபமும் அல்ல, பரம்பரை வியாதியும் அல்ல. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-ல் கண்ட ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமி குடியேறும் இடம் தோலும் நரம்பும்தான். வெளுத்தோ, சிவந்தோ ஒரு படை. அதில் அரிப்பு இருக்காது, தொட்டால் உணர்ச்சியும் இருக்காது. அதுதான் அடையாளம். சாதாரணத் தேமலில் உணர்ச்சி போகாது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளில் குழந்தையின் முதுகு, தொடை, கை எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். சந்தேகமான படை இருந்தால், கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் மெதுவாகத் தொட்டு, 'எங்கே தொட்டேன், காட்டு' என்று கேளுங்கள். காட்டத் தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். மருந்து ஆரம்பித்த சிறிது காலத்திலேயே மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்று விடும். நாள் கடத்தினால் செத்த நரம்பு திரும்பாது. 'அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ' என்று மறைத்து வைப்பதுதான் பெரிய கேடு.

நமக்கே வந்தால்?

கர்ப்ப காலத்தில் இரவில் கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மதமதவென்று இருந்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பை அமுக்குவதால் வருவது. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே போய் விடும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

சுத்த சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி-12 வைட்டமின் குறைந்து, கை கால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கலாம். காய்கறியிலும் தானியத்திலும் இந்தச் சத்து இல்லை; பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக் கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி-12 குறையக் கூடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்து விடும், சிகிச்சையும் சுலபம்.

ஆனால் முகத்திலோ, ஒரு பக்கக் கை காலிலோ திடீரென்று மரத்துப் போய், பேச்சுக் குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். சுக்குக் கஷாயம் போடாதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. 'வலிக்குது' என்று சொல்பவருக்குத்தான் கவனிப்பு. வாய் திறக்காதவர் சௌக்கியமாக இருப்பதாக எண்ணிக் கொள்கிறோம். வயதானவர்களும், 'பாவம், மருமகளுக்கு எதுக்குச் சிரமம்?' என்று காலைக் காட்டவே கூச்சப்படுகிறார்கள். ஆகவே அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், நாமே கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதுதான். மாமனார், மாமியார், அம்மா, அப்பா - சர்க்கரை உள்ள எவராயினும் சரி, இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு விரலையும் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷம் கூட ஆகாது.